கக்கூஸ் சாரும் இரட்டை விசிலும்

எந்த வீட்டில் கழிப்பறை இருக்கிறதோ அந்த வீட்டில் வயிற்றுப்போக்கு இருக்காது என்று துறை முடிவு செய்திருந்தது. அவசரத்தில் எடுத்த முடிவல்ல. பெரிய அறையில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, எல்லாக் கோணத்திலும் ஆராய்ந்து, தேநீர் குடித்து, மறுபடியும் ஆராய்ந்து எடுத்த முடிவு. அதை வயிற்றுப்போக்குக்கு முறைப்படி தெரிவித்தார்களா என்பதற்கு மட்டும் கோப்பில் ஆதாரம் இல்லை.

இந்த முடிவை ஊர் ஊராகச் சுமந்துபோய் ஜனங்களின் காதில் போடுவதற்கென்றே ஓர் அதிகாரி இருந்தார். அவருடைய பதவியின் பெயர், ‘இல்லக் கழிப்பறைப் பயன்பாட்டு ஊக்குவிப்பு மற்றும் கிராம நலவாழ்வு மேம்பாட்டு இணை ஒருங்கிணைப்பாளர் (பொறுப்பு)’. அறைக் கதவில் மாட்டிய பலகையில் இது முழுதாக அடங்கவில்லை. ‘பொறுப்பு’ மட்டும் தனியாகச் சுவரில் எழுதப்பட்டிருந்தது. வந்தவர்கள் சுவர்தான் பொறுப்பு என்று நினைத்துக்கொண்டார்கள். அப்படியொன்றும் பெரிய தவறில்லை.

கிராமத்து ஜனங்களுக்கு இவ்வளவு நீளத்தை உச்சரிக்க நேரமில்லாததால் ‘கக்கூஸ் சார்’ என்று சுருக்கிக்கொண்டார்கள். அவரும் ஏற்றுக்கொண்டார். அவர் மனைவிதான் ஏற்கவில்லை. சொந்தக்காரர்கள் கேட்டால், “அவரு ஹெல்த்துல இருக்காரு” என்பாள். “ஊசி போடுவாரா?” என்று கேட்டால், “இல்ல, பேசுவாரு” என்பாள்.

நன்றாகவே பேசுவார். வீட்டுக்கு ஒரு கழிப்பறை, அதற்கு ஒரு கதவு, கதவுக்குள் ஆரோக்கியம் என்று அவர் குரலை ஏற்றி இறக்கும்போது எதிரே இருப்பவர்களுக்கே எழுந்து போகவேண்டும் போல இருக்கும். ஆனால் அவருக்குள் ஒரு ரகசியம் இருந்தது. சொந்த வீட்டுக் கழிப்பறையைத் தவிர இந்த உலகத்தில் வேறெங்கும் அவருக்கு வராது. தாழ்ப்பாள் அவர் கை பழகிய தாழ்ப்பாளாக இருக்கவேண்டும். எதிர்ச்சுவரில் பல்லி மாதிரி ஒரு விரிசல் இருக்கவேண்டும். அதைப் பார்த்தால்தான் வயிறு இளகும். இதனால் காலையில் போய் மாலையில் திரும்புகிற ஊர்களுக்கே சுற்றுப்பயணம் வகுத்துக்கொண்டு, பல வருஷங்களாக மானத்தோடு உத்தியோகம் பார்த்துவந்தார்.

அப்படி இருக்கும்போதுதான் இயக்குநர் கூப்பிட்டனுப்பினார்.

வாய்க்கால் கரையில் ஓர் ஊர். அங்கே ஒரு வீடு விடாமல் கழிப்பறை கட்டியாகிவிட்டது. ஆனாலும் அந்த ஊர் நர்சம்மா, குழந்தைகளுக்கு வயிறு போவது குறையவில்லை என்று எழுதியிருந்தாள்.

“எல்லா வீட்லயும் கட்டியாச்சில்ல?” என்றார் இயக்குநர்.

“கட்டியாச்சு சார்.”

“அப்புறம் எதுக்குய்யா போகுது? நம்ம திட்டத்துக்கு முன்னாடி போனதா, பின்னாடி போனதா?”

“பின்னாடிதான் சார்.”

“அது எப்பவும் பின்னாடிதான்யா போகும். நான் தேதியைக் கேக்கறேன்.”

“கட்டினதுக்கு அப்புறம்தான் சார்.”

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துறை தப்பு செய்திருக்க வழியில்லை. எனவே தப்பு குழந்தைகளின் வயிற்றில்தான் இருக்கவேண்டும். அல்லது மேம்பாடு வந்து, வந்தது தெரியாமல் எங்காவது ஒளிந்திருக்கவேண்டும்.

“அந்த ஊர்லயே போய்த் தங்குங்க. வீடு வீடாப் பாருங்க. மேம்பாட்டைக் கண்டுபிடிக்காம திரும்பாதீங்க.”

“தங்கணுமா சார்?”

“ஏன், வீட்ல ஏதாவது விசேஷமா?”

விசேஷம் வீட்டில் இருப்பது வாஸ்தவம்தான். அதை எப்படிச் சொல்வது? “இல்ல சார்” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார் கக்கூஸ் சார். வயிறு அப்போதே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டுவிட்டது.

*

ஊரில் அவரைத் தன் வீட்டில் தங்கவைத்தவர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். பை போய்விட்டது, டிக்கெட் போய்விட்டது, விசில் மட்டும் கழுத்தில் தொங்கியது. துறையின் சுற்றறிக்கைப்படி, வெளியிடத்தில் ஒதுங்குகிறவர்களை விசில் ஊதி வெட்கப்படவைக்க ஊருக்கு ஒரு விசில் குழு இருக்கவேண்டும். அந்தச் சுற்றறிக்கையை எழுதியவரே கக்கூஸ் சார்தான். ஊரில் விசில் வைத்திருந்தவர் கண்டக்டர் ஒருவர்தான் என்பதால் போட்டியில்லாமல் தலைவராகிவிட்டார்.

“வாங்க சார், உள்ள போங்க, உள்ள போங்க, எடம் நெறைய இருக்கு” என்று வீட்டுக்குள் அழைத்தார். நேரே கொல்லைக்குக் கூட்டிப்போய்க் கழிப்பறையைத் திறந்து காட்டினார். பளிங்கு மாதிரி இருந்தது. பீங்கானில் முகம் தெரிந்தது.

“ரொம்ப சுத்தமா வச்சிருக்கீங்களே!”

“யாரையும் விடறதில்ல சார்” என்றார் கண்டக்டர் பெருமையாக. “உங்களுக்குன்னே பூட்டி வச்சிருந்தோம்.”

மறுநாள் காலையில் கக்கூஸ் சார் உள்ளே போய் உட்கார்ந்தார். சுவரில் விரிசல் இல்லை. சுண்ணாம்பு வெள்ளை வெளேரென்று அவரைப் பார்த்தது. கதவுக்கு வெளியே கண்டக்டர் நின்றார்.

“சார், ஆச்சா?”

“இல்ல.”

“தண்ணி வேணுமா?”

“தண்ணி இருக்கு.”

“பேப்பர் கீப்பர் படிக்கிறீங்களா?”

“நீங்க கொஞ்சம் தள்ளி இருந்தா போதும்.”

கண்டக்டர் தள்ளிப்போய், அங்கிருந்து மனைவியிடம், “சார் உள்ள இருக்காரு, சத்தம் போடாதே” என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார். கக்கூஸ் சார் எப்படிப் போனாரோ அப்படியே திரும்பி வந்தார்.

அன்றைக்கு வீடு வீடாக மேம்பாட்டைத் தேடிப் புறப்பட்டார். முதலில் தையல்காரர். அவர் வீட்டுக் கழிப்பறைக்குள்ளிருந்து கடகடவென்று சத்தம் வந்தது. கதவைத் தட்டினால், உள்ளே தையல் மெஷினோடு தையல்காரர். பீங்கானுக்கு மேல் பலகை போட்டு, அதன்மேல் மெஷின் வைத்திருந்தார். அளவெடுத்து வெட்டிய மாதிரி பொருந்தியிருந்தது.

“இதுக்கா கட்டிக் குடுத்தோம்?” என்றார் கக்கூஸ் சார்.

“சார், சத்தியமா சொல்றேன், இந்த ரூம் வந்த பிறகுதான் எனக்கு உடம்பு தேறுச்சு. முந்தி தைக்கும்போது அவ பக்கத்துல உக்காந்து பேசுவா. சாயங்காலம் ஆனா தலை வெடிக்கும். இங்க ஒரு ஆளுக்குத்தான் எடம். தலைவலி போயே போச்சு.”

கக்கூஸ் சார் யோசித்தார். கழிப்பறையால் நலம் உண்டாகியிருக்கிறதா? உண்டாகியிருக்கிறது. அடுத்த வீட்டில் அதற்குள் கோழிகள் இருந்தன. நரிக்கும் நாய்க்கும் பயமில்லாததால் முட்டை நிறைய இட்டன. முட்டை தின்ற பிள்ளைகள் கன்னம் உப்பித் திரிந்தார்கள். இன்னொரு வீட்டில் விறகு அடுக்கியிருந்தார்கள். மழையில் நனையாத விறகு புகையாமல் எரிந்ததில், அந்த வீட்டம்மாளுக்குப் பல வருஷத்து இருமல் நின்றுவிட்டது. உள்ளே விறகு இருப்பதால் தினமும் வாய்க்கால் கரை முள்ளுக்காடு வரை நடந்துபோக வேண்டியிருக்கிறது. அதில் முழங்கால் வலியும் போய்விட்டது என்று அவள் நீட்டி மடக்கிக் காட்டினாள்.

ஊரே ஆரோக்கியமாக இருந்தது. எல்லாம் கழிப்பறையின் கைங்கரியம்தான். எந்தக் காரியத்துக்காகக் கட்டினார்களோ அந்தக் காரியம் ஒன்றைத்தவிர மற்ற எல்லாமே அதற்குள் நடந்துகொண்டிருந்தது. இயக்குநர் சொன்னது சரிதான், மேம்பாடு உண்மையிலேயே ஒளிந்துதான் இருந்தது என்று கக்கூஸ் சார் ஒருவிதமான நிம்மதியோடு பால்காரம்மா வீட்டுக்கு வந்தார்.

அந்த வீட்டுக் கழிப்பறையில் மெஷின் இல்லை, கோழி இல்லை. ஈரத்தரையும் ஒரு வாளியும் இருந்தன. மாடத்தில் பாதி தேய்ந்த சோப்பு. ஊரிலேயே அந்த அறையை அதற்காகவே பயன்படுத்தியவள் அவள் ஒருத்திதான். கக்கூஸ் சாருக்கு ஆனந்தம் தாங்கவில்லை.

“நீங்கதாம்மா இந்தத் திட்டத்தோட வெற்றி!”

பால்காரம்மா பால் கேனை டங்கென்று கீழே வைத்தாள். உள்ளே கட்டிலில் அவளுடைய சின்ன மகள் சுருண்டு படுத்திருந்தாள். கண் குழிவிழுந்து, உதடு வெடித்திருந்தது.

“வெற்றி படுத்துக் கெடக்கு, பாருங்க” என்றாள். “இந்த மாசத்துல இது மூணாவது தடவை. நர்சம்மா குடுக்கற உப்புத் தண்ணியிலதான் உசுரு ஓடுது.”

“நீங்க ஒழுங்கா யூஸ் பண்ணியுமா?”

“நான் பண்றேன் சார். என் வீட்டுக் கதவை நான் சாத்திக்கிட்டேன். வாய்க்காலைச் சாத்த முடியுமா? ஊரு மொத்தமும் கரையிலதான போவுது. அதுதான என் கெணத்துல ஊறுது?”

கக்கூஸ் சாரிடம் எல்லாக் கேள்விக்கும் ஒரு சொற்பொழிவு இருந்தது. இதற்கும் ஒன்றைத் தொடங்க வாயைத் திறந்தார். குழந்தை கண்ணைத் திறந்து அவரைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. “கவனிக்கிறோம்மா” என்று சொல்லிவிட்டு வந்தார். அந்த வார்த்தை அலுவலகத்தில் எவ்வளவு வசதியாக இருக்கும்! அந்தக் கட்டிலருகில் சொன்னபோது மட்டும் நாக்கில் ஒட்டிக்கொண்டது.

*

அடுத்த நாளும் கண்டக்டர் வீட்டுப் பீங்கான் அவரை வெறுங்கையோடு அனுப்பியது. அதற்கடுத்த நாள் விடியும்போது அவருக்குக் கண் இருட்டியது. வயிறு மத்தளமாகிவிட்டது. இனி பதவியா உயிரா என்ற நிலை. ஒரு சொம்பை எடுத்துத் துண்டால் மூடிக்கொண்டு, கொல்லைப் பக்கமாக நழுவி, முள்ளுக்காட்டுக்கு நடந்தார். துறையின் மானம் முழுவதும் அந்தத் துண்டுக்கடியில் இருந்தது.

புதர் ஓரம் வந்தாரோ இல்லையோ, “பீ...ப்” என்று ஒரு விசில்.

அவர் அப்படியே நின்றார். அவர் எழுதிய சுற்றறிக்கை அவர்மேலேயே பாய்ந்துவிட்டது! முள்ளுக்காடு முழுவதும் நிசப்தம். கண் பழகிய பிறகுதான் தெரிந்தது: ஒவ்வொரு புதருக்குப் பின்னாலும் ஒரு தலை. தையல்காரர் தலை. கோழிக்காரர் தலை. கொஞ்சம் உயரமான மேட்டில், சொம்பும் கையுமாக, விசிலை வாயில் வைத்தபடி கண்டக்டர்.

கண்டக்டர் இவரைப் பார்த்தார். இவர் கையிலிருந்த சொம்பைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு பெரிய சமாதானம் பரவியது. விசிலை வாயில் வைத்து, “பீப், பீப்” என்று இரண்டு தரம் ஊதி, “ரைட், போலாம்” என்றார்.

எத்தனையோ உத்தரவுகளைத் துச்சமாக மதித்த அந்த வயிறு, இரட்டை விசிலுக்கு உடனே கீழ்ப்படிந்தது.

உயிர் திரும்பி வந்த பிறகு கக்கூஸ் சார் புதருக்கு மேலாக மெல்லக் கேட்டார். “கண்டக்டர், நீங்க குழுத் தலைவரில்லையா?”

“கண்காணிக்கத்தான் சார் தெனம் வர்றோம். வந்ததுதான் வந்தோம்னு அப்படியே...”

“விசில் எதுக்கு?”

“ஒரு விசில்னா ஆபீசர் மாதிரி யாரோ வர்றாங்க, அடக்கிக்கணும். ரெண்டு விசில்னா லைன் கிளியர்.”

துறையின் எந்தத் திட்டமும் இவ்வளவு கட்டுக்கோப்பாக நடந்து கக்கூஸ் சார் பார்த்ததில்லை.

“வீட்லயே போனா என்னய்யா?” என்றார்.

“கதவைச் சாத்தினா, நான் உள்ள இருக்கேன்னு வீட்ல எல்லாருக்கும் தெரிஞ்சிடுது சார்” என்று ஒரு புதர் பதில் சொன்னது. தையல்காரர் குரல். “வெக்கமா இருக்கு. இங்கன்னா யாருக்கும் தெரியாது.”

“இங்கதான் ஊரே இருக்கே!”

“எல்லாரும் இருக்கறதால யாருக்கும் தெரியாத மாதிரிதான சார்? அது சரி, கண்டக்டர் வீட்ல பளபளன்னு பூட்டி வச்சிருந்தாரே, நீங்க ஏன் இங்க வந்தீங்க?”

கக்கூஸ் சார் பொய் சொல்லிப் பழகியவர்தான். ஆனால் அந்த நிலையில் உட்கார்ந்துகொண்டு பொய் சொல்ல அவருக்கு வரவில்லை.

“வரல” என்றார்.

“எங்களுக்கும் அதேதான் சார்” என்றன புதர்கள்.

வீடு திரும்பியபோது வாசலில் பால்காரம்மா பால் அளந்துகொண்டிருந்தாள். செய்தி அவருக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது.

“கக்கூஸ் சாரே காட்டுக்குப் போனாராமே” என்றாள், அளவையிலிருந்து கண்ணை எடுக்காமல். “பாப்பாவ மறுபடியும் நர்சம்மாகிட்ட தூக்கிட்டுப் போறேன். இனிமே வாய்க்கால்ல உங்களுதும் சேந்து வரும்.”

புள்ளிவிவரம் புள்ளிவிவரம் என்று அவர் எத்தனையோ கூட்டங்களில் முழங்கியிருக்கிறார். அதில் தானும் ஒரு புள்ளி என்று அவருக்கு அன்றுதான் உறைத்தது.

மறுநாள் காலை மறுபடியும் கண்டக்டர் வீட்டுப் பீங்கானில் போய் உட்கார்ந்தார். சுண்ணாம்பைப் பார்த்தார். கண்ணை மூடினார். பிறகு கூப்பிட்டார்.

“கண்டக்டர்!”

“சொல்லுங்க சார்.”

“ரெண்டு விசில் குடுங்க.”

“இங்கயா? எதுக்கு சார்?”

“குடுய்யா சொல்றேன்!”

“பீப், பீப்.”

கொஞ்ச நேரத்தில் கக்கூஸ் சார் வெளியே வந்தபோது, கண்டக்டரின் கண் கலங்கியிருந்தது. “சர்வீஸ்ல இருந்தப்பகூட எந்த டிரைவரும் என் விசிலுக்கு இவ்வளவு சுருக்கா வண்டிய எடுத்ததில்ல சார்” என்றார்.

*

அதற்குப் பிறகு நடந்ததை நம்புவது கொஞ்சம் கஷ்டம். நம்புவதற்குக் கஷ்டமான சங்கதிதான் நம் காலத்தில் நடக்கிறது என்பதால் சொல்லிவிடலாம். கண்டக்டர் விடியற்காலையில் தெருத்தெருவாகப் போய், ஒவ்வொரு வீட்டுக் கொல்லையிலும் நின்று இரட்டை விசில் கொடுத்தார். முள்ளுக்காட்டில் பழகிய வயிறுகள் எல்லாம் எங்கே இருக்கிறோம் என்று பார்க்காமல் விசிலுக்குக் கட்டுப்பட்டன. தையல் மெஷின் வெளியே வந்தது. தலைவலியும் திரும்பி வந்தது. தையல்காரர் ஊருக்காகத் தாங்கிக்கொண்டார். கோழிகள் முணுமுணுத்துக்கொண்டே இடம்பெயர்ந்தன. குழி ஆழமில்லை என்று தெரிந்த இடங்களில் கூடி நின்று தோண்டினார்கள். கக்கூஸ் சாரும் மண்வெட்டி பிடித்தார். உள்ளங்கையில் கொப்புளம் வந்ததை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காட்டினார்.

எதிலும் ஒரு நாகரிகம் புகுந்துவிடுமே, இதிலும் புகுந்தது. வசதியான வீட்டுக்காரர், பொது விசிலுக்குப் போவது அந்தஸ்துக்குக் குறைவு என்று சொந்த விசில் வாங்கினார். வீட்டுக்கு மாப்பிள்ளை வந்தால் மூன்று விசில் கொடுத்து மரியாதை செய்தார்கள். விசில் கேட்காமலே போகிறவர்களை நாட்டுப்புறம் என்று பேசிக்கொண்டார்கள்.

ஆனால், வாய்க்கால் கரை காய்ந்து சுத்தமானது. சில மாதங்களில் நர்சம்மாவின் அறை காலியாகக் கிடந்தது. பால்காரம்மாவின் மகள் கட்டிலைவிட்டு எழுந்து, தெருவில் ஓடி, முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு அழுதாள். அந்த ஊரில் ஒரு குழந்தை வயிற்றுவலி அல்லாத காரணத்துக்காக அழுதது எல்லாருக்கும் சந்தோஷமாக இருந்தது. பால்காரம்மா கக்கூஸ் சாருக்கு அன்று ஒரு டம்ளர் பாலைத் தண்ணீர் கலக்காமல் கொடுத்தாள். அவருக்குக் கிடைத்த பட்டங்களில் அதுதான் பெரியது.

வீட்டுக்குத் திரும்பினால் வேறு சிக்கல். சொந்தக் கழிப்பறை, பழகிய தாழ்ப்பாள், பல்லி விரிசல் எல்லாம் அப்படியே இருந்தன. வயிறு மட்டும் வேறு எதற்கோ காத்திருந்தது. கடைசியில் மனைவி கையில் விசிலைக் கொடுத்தார்.

“பொண்ணு பார்க்க வந்தப்ப இதையெல்லாம் எங்கப்பா விசாரிக்காம விட்டுட்டாரு” என்று சொல்லிவிட்டு அவள் ஊதினாள்.

இயக்குநர் அழைத்தார். மேசைமேல் இனிப்பு இருந்தது.

“யோசிச்சுப் பாருங்க” என்றார் அவர். “கழிப்பறை இல்லாதப்ப வியாதி இருந்துச்சு. கட்டினதுக்கு அப்புறமும் வியாதி இருந்துச்சு. விசில் வந்துச்சு, வியாதி போச்சு. அப்ப வியாதி எதனால போச்சு?”

“விசிலால சார், ஆனா...”

“பாத்தீங்களா, நீங்களே சொல்லிட்டீங்க.”

“சார், விசில் வந்து, அவங்களைக் கழிப்பறைக்குள்ள...”

“இவ்வளவு சிமெண்டு, இவ்வளவு செங்கல், எல்லாம் வீண். ஒரு விசிலு கைக்குள்ள அடங்குது. இனிமே கட்டறதை நிறுத்திட்டு எல்லா ஊருக்கும் விசில் அனுப்பறோம். நீங்கதான் அதுக்கு இயக்கத் தலைமை ஒருங்கிணைப்பாளர். ‘பொறுப்பு’ எடுத்தாச்சு.”

கக்கூஸ் சார் வாயைத் திறந்தார். சொல்லவேண்டியது இரண்டே வாக்கியம். சொல்லியிருந்தால் ஐந்து நிமிஷத்தில் முடிந்திருக்கும். ஆனால் பதவியிலிருந்து ‘பொறுப்பு’ நீங்குவதற்காக ஒரு மனிதன் எத்தனை வருஷம் காத்திருப்பான் என்பது அதே மாதிரி காத்திருந்தவர்களுக்குத்தான் தெரியும். திறந்த வாயில் இயக்குநர் ஓர் இனிப்பை வைத்தார்.

“ஆமா சார்” என்றார் கக்கூஸ் சார், இனிப்பு அடைத்த வாயோடு.

விசில்கள் மூட்டை மூட்டையாக வந்து இறங்கின. வாய்க்காலின் மேல்பக்கத்தில் இருந்த ஊருக்குக் கழிப்பறை கட்டும் முறை அந்த வருஷம்தான் வந்திருந்தது. அவர்களுக்குக் கழிப்பறைக்குப் பதிலாக விசில் கிடைத்தது. அதுவரை ஆளுக்கொரு நேரமாக, ஆளுக்கொரு திசையாக, ஒழுங்கில்லாமல் போய்க்கொண்டிருந்த அந்த ஊர், துறையின் முயற்சியால் இரட்டை விசில் கேட்டதும் ஒரே நேரத்தில், ஒரே வரிசையில், வாய்க்கால் கரைக்குப் போனது. ஒழுங்கைப் பார்த்து வியந்து படம் எடுத்துப் பத்திரிகையில் போட்டார்கள்.

அந்த மழைக்காலம் முடிவதற்குள் பால்காரம்மா அலுவலகத்துக்கு வந்துவிட்டாள். இடுப்பில் மகள், துணி மாதிரி துவண்டு கிடந்தாள்.

“பெரிய ஆஸ்பத்திரிக்குப் போற வழி” என்றாள். “நாங்க ஒழுங்காத்தான் சார் உள்ள போறோம். மேல இருக்கறவங்களுக்கு விசில் மட்டும் குடுத்தீங்களாம். விசில் ஊதினா அவங்க எங்க போவாங்கன்னு யாராச்சும் யோசிச்சீங்களா?”

கக்கூஸ் சாருக்குப் பெரிய நாற்காலி வந்திருந்தது. அதில் சுருங்கி உட்கார்ந்தார். “யோசிச்சேம்மா” என்றார். அது உண்மை. உண்மையாக இருந்ததுதான் கஷ்டமாக இருந்தது.

“யோசிச்சீங்களா? யோசிச்சிட்டா சும்மா இருந்தீங்க?”

அவர் பதிலைத் தேடிக்கொண்டிருக்கும்போது குழந்தை நெளிந்தது. “அம்மா, அவசரம்” என்றது.

“சார், இங்க கக்கூஸ் எங்க?”

நல்லவேளை, பதில் தெரிந்த ஒரு கேள்வி. கக்கூஸ் சார் துள்ளி எழுந்தார். நடைக்கோடியில் ‘கழிப்பறை’ என்று அழகான எழுத்தில் பலகை மாட்டிய கதவு உண்டு. இத்தனை வருஷமாக அதைக் கடந்துதான் தினமும் போகிறார். சொந்த வீட்டைத் தவிர வேறெங்கும் போகாதவர் என்பதால் திறந்து பார்த்ததில்லை. இப்போது இழுத்தார். கதவு பாதியில் முட்டியது. உள்ளே தரையிலிருந்து கூரை வரைக்கும் விசில் மூட்டை.

“ஸ்டாக்கைத் தொடாதீங்க சார், கணக்கு இருக்கு!” என்று யாரோ கத்தினார்கள்.

அவர் தொட்டார். ஒன்றை இழுத்தார், ஒன்றைத் தள்ளினார். ஒரு மூட்டை அவிழ்ந்து விசில்கள் நடையெங்கும் ஓடின. வேர்த்து ஒழுகக் கடைசி மூட்டையைப் புரட்டிவிட்டுப் பார்த்தார். சுவர் இருந்தது. தரை இருந்தது. பீங்கான் இல்லை, குழாய் இல்லை. இருந்து எடுத்த அடையாளமும் இல்லை. அந்த அறையில் என்றைக்குமே எதுவும் கட்டியிருக்கவில்லை.

“இது எனக்குத் தெரியாதே!” என்றார்.

தட்டச்சு செய்யும் அம்மாள் மேசையிலிருந்து நிமிர்ந்தாள். “எங்களுக்குத் தெரியும் சார்” என்றாள்.

“அப்ப நீங்கள்லாம்...?”

“நாங்க சாயங்காலம் வரைக்கும் தண்ணி குடிக்கிறதில்ல சார். பொம்பளைங்க யாருமே.”

“சொல்லியிருக்கலாமேம்மா!”

“நீங்கதான் சார் பேசிக்கிட்டே இருப்பீங்க.”

“ஆம்பளைங்க?”

அவள் பின்பக்கத்து ஜன்னலைக் காட்டினாள்.

பால்காரம்மா இந்தப் பேச்சு முடியக் காத்திருக்கவில்லை. மகளைத் தூக்கிக்கொண்டு பின்வாசல் வழியாக விறுவிறுவென்று இறங்கினாள். கக்கூஸ் சார் குடிதண்ணீர் ஜாடியைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினார். கட்டடத்தின் பின்சுவரைப் பார்த்தபடி துறை முழுவதும் வரிசையாக நின்றுகொண்டிருந்தது: குமாஸ்தாக்கள், கணக்கர், நடுவில் கொஞ்சம் இடம்விட்டு இயக்குநர். காவலாளி பதறிப்போய் ஒற்றை விசில் ஊதினான். எல்லா முதுகுகளும் விறைத்தன.

பால்காரம்மா அந்த முதுகுகளை ஒரு முறை பார்த்தாள். சொல்வதற்கு அவளிடம் நிறைய இருந்தது. குழந்தைக்கு நேரம் இல்லை.

“கொஞ்சம் தள்ளி நில்லுங்கய்யா” என்றாள்.

துறை தள்ளி நின்றது.